பால் காய்ச்சிய வண்டி

நாள் 1 · காலை
இடம்: கீழ்க்குகைக் குடியிருப்பு, வடக்கு வாசல். காற்று 0.3, நன்று. பேட்டரி நிறைவு. வானம் தெளிவு.

எழுதுவது மங்கையர்க்கரசி. செவ்வாய்க்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. நிலத்தடிப் பனிக்கட்டிக்குத் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பது என் வேலை. ஊரே என் தண்ணீரைத்தான் குடிக்கிறது, ஆனால் குளியலறை வரிசையில் எவனும் எனக்கு இடம் விடுவதில்லை.

குடியிருப்பை விட்டு முழுநேரமும் வண்டியிலேயே வாழ ஆசைப்படுகிறவர்கள், முதலில் இரண்டு வாரம் வாழ்ந்து பார்க்க வேண்டும். தினமும் குறிப்பு எழுதி அடுத்த ஆளுக்கு விட்டுப் போக வேண்டும். குடியிருப்புக் குழுவின் விதி அது. ஆகவே, அடுத்த ஆளே, வணக்கம். உனக்கும் அந்தக் குகை சலித்துவிட்டதா?

எனக்குச் சலித்துவிட்டது. பதினெட்டு வருடமாக ஜன்னல் இல்லாத அறை. யார் இருமினாலும் கேட்கும், யார் வீட்டில் சண்டை என்றாலும் கேட்கும். வண்டியில் மூன்று பக்கம் கண்ணாடி. கட்டில், அடுப்பு, கழிப்பறை, மேஜை, எல்லாம் பத்தடிக்குள். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், நினைத்தபோது கிளம்பலாம்.

ஆனால் ஒன்று. இரண்டு வாரம் முடியும் அன்று, வண்டியா அறையா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட வேண்டும். வண்டி என்றால் அறையை ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்காது. வரிசையில் அத்தனை குடும்பங்கள் காத்திருக்கின்றன.

அறை போனால் போகட்டும் என்று என்னால் சொல்லிவிட முடியும். சுவர்தான் கஷ்டம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் தங்கை பவளம் இருக்கிறாள். தினமும் காலையில் எழுந்ததும் மூன்று தட்டு தட்டுவாள். நானும் மூன்று தட்டுவேன். உயிரோடுதான் இருக்கிறோம் என்று அர்த்தம். ஒருநாளும் தவறியதில்லை.

கிளம்பும்போது பவளம் பால்பொடியும் புதுப் பாத்திரமும் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "வண்டின்னாலும் குடி போற வீடுல்லா? பால் காய்ச்சாம எப்படிக்கா போவ?" என்றாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் பால் பொங்குவதே ஒரு வேடிக்கை. சட்டென்று வழியாது. நுரை உயர்ந்து உயர்ந்து, வெள்ளைத் தூண் போல் நின்று யோசித்துவிட்டு, பிறகு மெல்லச் சாயும். அடுப்பை அணைக்கப் போனேன். "அணைக்காதக்கா, நாலு பக்கமும் வழியட்டும், அப்பத்தான் நிறைஞ்சு இருப்ப" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வழிந்தது. மேடையில், தரையில், அடுப்புக்குப் பின்னால் சுவரில் பதித்திருந்த சல்லடைக்குள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கைக்கு எட்டியதைத் துடைத்தோம்.

பால் காய்ச்சியாயிற்று, ஆகவே இது வீடு. வீடு என்றால் என் விதி ஒன்று உண்டு. வெளியே போட்ட உடுப்போடு உள்ளே வருவதில்லை. வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் இருக்கிற சின்ன அறைக்கு "வாசல்" என்று பெயர் வைத்திருக்கிறேன். கவச உடை, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே கழற்றி மாட்டிவிட்டுத்தான் உள்ளே வலது காலை வைப்பேன். மற்ற வண்டிக்காரர்கள் ஹெல்மெட்டோடு சமையல் மேடை வரை வருவார்களாம். சீச்சீ.


நாள் 3 · மாலை
இடம்: சிவப்பு மேடு. காற்று 0.3, நன்று. பேட்டரி போதும்.

அடுத்த ஆளே, இது சொர்க்கம். காலையில் கண்ணாடிக்கு வெளியே நீலமாக விடிகிறது. யாருடைய இருமலும் இல்லை. குகையில் இரவு பகலாகக் காற்று விசிறி உறுமிக்கொண்டே இருக்கும். இங்கே விசிறிச் சத்தமே கிடையாது. எவ்வளவு அமைதியான வண்டி!

சில உபதேசங்கள். பாத்திரம் இரண்டுக்கு மேல் வேண்டாம். கழிப்பறைத் தொட்டியைத் தள்ளிப்போடாமல் காலி செய். மசாலா டப்பாவுக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

லேசாகத் தலைவலி. எங்கோ ஒரு மூலையில் புளித்த பால் வாடை வருகிறது. பால் துடைத்த துணியை இரண்டு முறை அலசிவிட்டேன். பவளத்தைத்தான் திட்ட வேண்டும்.

காலையில் கை தன்னால் சுவருக்குப் போய்விட்டது. தட்டினேன். தகரச் சத்தம்தான் வந்தது.


நாள் 6 · காலை
இடம்: மேட்டுக்குத் தெற்கே. காற்று 0.3, நன்று.

தூக்கத்தில் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அலறிக்கொண்டு எழுந்தேன். யாரும் இல்லை. இதயம் அடித்த அடியில் கட்டில் ஆடியது.

நான் பயந்தவள் இல்லை. துளைக்குள் பாறை சரிந்து ஒருநாள் முழுக்கச் சிக்கிக் கிடந்தபோதும் பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தவள். இன்று ஒரு காரணமும் இல்லாமல் கை நடுங்குகிறது.

முதலில் காற்று மானியைத்தான் பார்த்தேன். அவ்வளவு முட்டாள் இல்லை. கரியமில வாயு 0.3 சதவீதம். ஒன்றைத் தாண்டினால் விசிறி தானாக வேகம் எடுத்துச் சுத்தம் செய்யும், மணியும் அடிக்கும். ஒன்றும் அடிக்கவில்லை. எல்லாம் நன்று, நான்தான் நன்றாக இல்லை.

சேவியர் அண்ணனை ரேடியோவில் கூப்பிட்டேன். ஒன்பது வருடமாக வண்டியிலேயே வாழ்கிற மனிதர்.

"மொத வாரம் எல்லாருக்கும் நெஞ்சடைக்கும் தாயி. எனக்கும் அடைச்சுது. கொகையில ஆளோட ஆளா இருந்து பழகின ஒடம்புல்லா, தனிமைய ஒத்துக்காது. மானியைப் பாத்தியா? சரியா இருக்கா? அப்ப ஒண்ணுமில்ல. கடவுள நெனச்சுக்கிட்டுப் படு. பயத்துக்கு எடம் குடுத்தா அது பாய விரிச்சுப் படுத்துக்கிடும்."

சரி. இடம் கொடுக்க மாட்டேன்.


நாள் 9 · மதியம்
இடம்: அதே. காற்று 0.3, நன்று.

இடம் கொடுக்காமலேயே படுத்துக்கொண்டது.

பயம், அடுத்த ஆளே. எதைப் பார்த்து என்று கேட்காதே. தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பயம். கட்டிலுக்கு அடியில் பார்க்கப் பயம். மாடிப்படி ஏறினது போல் எந்நேரமும் மூச்சு வாங்குகிறது. மாடிப்படி ஏது இங்கே?

விசித்திரம் ஒன்று. சோதனைக்குப் பாறைத் துண்டு எடுக்கக் கவச உடை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கொஞ்ச நேரத்தில் பயம் கழுவிவிட்டது போல் போய்விட்டது. தலைவலியும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். திரும்பி உள்ளே வந்து, எல்லாவற்றையும் கழற்றி மாட்டி, வலது காலை வைத்தேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் அது திரும்பி வந்துவிட்டது. எனக்காகவே உள்ளே காத்திருந்தது.

வெளியே போனால் பயமில்லை. வீட்டுக்குள் வந்தால் பயம். அப்படியென்றால் இந்த வீட்டுக்கு என்னைப் பிடிக்கவில்லை, இல்லையா? எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது. அழிக்கவில்லை. உண்மையை எழுது என்றுதானே சொன்னார்கள்.

பவளத்திடம் சொல்லவில்லை. "நான் அப்பவே போவாதன்னு சொன்னேம்லா" என்பாள்.


நாள் 11 · மாலை
இடம்: அதே. காற்று 0.3, நன்று. பேட்டரி குறைகிறது. புழுதிப் புயல்.

மேற்கிலிருந்து வந்தது. கண்ணாடி மூன்றும் செம்மண் பூசிய சுவராகிவிட்டன. ஜன்னலுக்காக வந்தவளுக்கு ஜன்னல் இல்லை.

வண்டியை எடுக்க முடியாது. மூக்குக்கு முன்னால் பள்ளம் இருந்தாலும் தெரியாது. புயலில் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. சோலார் தகட்டில் வெளிச்சம் விழவில்லை என்பதால் வண்டி எல்லாவற்றையும் குறைத்துவிட்டது. விளக்கு பாதி, சூடு பாதி, விசிறி ஏதோ பேருக்கு.

பவளம் கூப்பிட்டாள். இரைச்சலுக்கு நடுவில் கேட்டது.

"யக்கா, கொரலு ஏன் இப்படி இருக்கு? அழுதியா?"

இல்லை என்றேன்.

"பொய் சொல்லாத. உனக்குப் பயமா இருக்குன்னா இருக்குன்னு சொல்லு. யாரு உன்ன ஏசப் போறா? புயல் ஓஞ்சதும் வந்துரு. அறை ஒனக்காகத்தான் கெடக்கு. தெனமும் காலைல நான் சொவரத் தட்டிட்டுத்தான் இருக்கேன், தெரியுமா? பதில் வராதுன்னு தெரிஞ்சும் தட்டுதேன்."

அப்போது பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். என்னைச் சும்மா விடு, சின்னப் பிள்ளையா நான், உன் சுவரை நீயே தட்டிக்கொள் என்று. இரைச்சல்தான் வந்தது.

நான் ஏன் கத்தினேன்? எனக்குத்தானே அந்தச் சுவர் வேண்டும்.


நாள் 12 · நேரம் பார்க்கவில்லை
காற்று 0.3, நன்று.

நன்று நன்று நன்று. அந்த எண்ணைப் பார்த்தாலே எரிச்சல். நான் செத்தாலும் நன்று என்றுதான் காட்டும் போலிருக்கிறது.

நெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் இறங்கவே இல்லை. மூச்சு எத்தனை இழுத்தாலும் போதவில்லை. வாயில் புளிப்பு. மேஜைக்குப் போக எழுந்தேன், எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் நின்றேன். வெகுநேரம் நின்றிருப்பேன். கால் மரத்துவிட்டது.

சுவரில் டொக் டொக் என்று கேட்கிறது. குளிரில் தகரம் சுருங்குகிற சத்தம். அதுதான். அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடவுளே, எனக்குப் பயமாக இருக்கிறது.


நாள் 13 · முற்பகல்
வண்டிக்கு வெளியிலிருந்து, கவச உடைக்குள் பேசிப் பதிவது. கருவி எழுத்தாக்கிக்கொள்ளும்.

புயல் கொஞ்சம் தணிந்திருக்கிறது. சோலார் தகட்டைத் துடைக்காவிட்டால் குளிரில் விறைத்துப் போவேன் என்று எப்படியோ உடையை மாட்டிக்கொண்டு வந்தேன். மாட்டுவதற்கே அரைநாள் ஆனது போல் இருந்தது. ஒரு கையுறையை இரண்டு முறை காலில் போடப் பார்த்தேன்.

ஏணியில் ஏறித் தகட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மெல்ல மெல்லத் தலை தெளிந்தது. இப்போது நன்றாகத் தெளிந்திருக்கிறது. தெளிந்ததும் புரிந்தது. புரிந்ததும் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கேள், அடுத்த ஆளே. கவனமாகக் கேள்.

உடைக்குள் தனிக் காற்று. அதனால்தான் வெளியே வந்தால் பயம் போகிறது. வண்டிக்குள் இருப்பது கெட்ட காற்று. பேயும் இல்லை, தனிமையும் இல்லை. கரியமில வாயு கூடினால் நெஞ்சடைக்கும், காரணமில்லாமல் பயம் வரும், புத்தி மழுங்கும். பயிற்சியில் படித்ததுதான். படித்ததை நினைக்கிற புத்தியே மழுங்கிவிட்டால் யார் நினைப்பது?

மானி 0.3 காட்டுகிறதே என்பாய். என்றைக்குத்தான் வேறு எண் காட்டியது? பாறை எடுக்கப் போன அன்றைக்கு மூன்று மணி நேரம் வெளியே இருந்தேன். உள்ளே மூச்சு விட யாரும் இல்லை. திரும்பி வந்தால் அதே 0.3. ஒரு புள்ளியாவது இறங்கியிருக்க வேண்டாமா? நின்றுபோன கடிகாரத்தை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பால். பவளம் காய்ச்சிய பால்.

காற்றை முகர்ந்து பார்க்கிற கருவி அடுப்புக்குப் பின்னால் அந்தச் சல்லடைக்குள் இருக்கிறது. பால் அதன் மேல் வழிந்து ஆடை கட்டிக் காய்ந்துவிட்டது. அன்றைக்கு இருந்த 0.3-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறது. காற்று நன்று என்று அது சொன்னால் விசிறி எதற்கு வேகமாகச் சுற்றப் போகிறது? அமைதியான வண்டி என்று பெருமையாக எழுதினேனே! அடுப்புக்குப் பின்னால் அதைப் பொருத்தினவன், இங்கே ஒருத்தி பாலைப் பொங்கவிட்டு வேடிக்கை பார்ப்பாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டான். நாங்கள்தான் இதைச் செய்வோம். வேறு யார் செய்வார்கள்?

பவளத்துக்கு உடனே சொல்ல வேண்டும். இந்த உடையில் இருக்கிற கருவி குறிப்பைத்தான் பதியும், அவ்வளவு தூரம் எட்டாது. பெரிய ரேடியோ உள்ளே மேஜையில் இருக்கிறது. உடையில் காற்று இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கே மறக்காமல் இருக்க. உள்ளே போகிறேன். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கத்தியை எடுக்கிறேன். சல்லடையைத் திறந்து பாலாடையைச் சுரண்டுகிறேன். விசிறி உறுமும் வரை ஹெல்மெட் தலையில்தான் இருக்க வேண்டும். பிறகு பவளத்தைக் கூப்பிடுகிறேன். அவ்வளவுதான்.

முடிவும் எடுத்தாயிற்று. வண்டி வேண்டாம். ஜன்னலும் வேண்டாம், நீல விடியலும் வேண்டாம். எனக்கு என் இருட்டு அறை வேண்டும், ஊர் இருமல் வேண்டும், அந்தச் சுவர் வேண்டும். பவளம், உன்னிடம் கத்தினேனே, மன்னித்துவிடடி. நாளைக்குக் குழு கேட்கும்போது அறைதான் என்று சொல்லிவிடுவேன். வந்ததும் முதல் வேலையாகச் சுவரைத் தட்டுகிறேன்.

கை நடுங்குகிறது. இது நல்ல நடுக்கம், காரணம் இருக்கிற நடுக்கம். ஏணியில் இறங்குகிறேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாதே, மங்கை. கழற்றாதே.


நாள் 13 · பிற்பகல்
காற்று 0.3, நன்று. பேட்டரி ஏறுகிறது.

உள்ளே வந்துவிட்டேன். வழக்கம்போல வாசலிலேயே எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு வலது காலை வைத்து வந்தேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் புழுதி உடுப்போடு வீட்டுக்குள் வருகிறவள் இல்லை நான்.

கையில் கத்தி இருக்கிறது. எதற்கோ எடுத்தேன். எடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் நின்றேன். வெங்காயம் நறுக்கத்தான் எடுத்திருப்பேன் போல. பசியில்லை. கத்தியை மேடையில் வைத்துவிட்டேன்.

தலை வலிக்கிறது. கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன்.


நாள் 14
காற்று 0.3, நன்று.

மேலே ஏதோ நீளமாக எழுதியிருக்கிறது. நான்தான் எழுதியிருக்க வேண்டும். எழுத்து நகர்கிறது, கண் கூசுகிறது. பிறகு படிக்கிறேன்.

அடுத்த ஆளே, நல்ல செய்தி. பயம் போய்விட்டது. சேவியர் அண்ணன் சொன்னது சரிதான், பழகிவிட்டது. நெஞ்சில் இருந்தவர் இறங்கிப் பக்கத்தில் படுத்திருக்கிறார். கதகதப்பாக இருக்கிறது.

ரேடியோவில் பவளம் வந்தாள்.

"யக்கா, குழுக்காரங்க பக்கத்துல நிக்காங்க. இன்னைக்குக் கடைசி நாளு. ஒரே வார்த்த சொல்லு. அறை வேணுமா, வண்டியா?"

நான் ஏதோ ஒன்று சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். முக்கியமான ஒன்று. பவளத்திடம்தான். நாக்கு நுனியில் இருந்தது. பால் என்று ஆரம்பித்தேன்.

"பாலா? என்ன பாலு?"

நன்றாகப் பொங்கியது என்றேன்.

அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "ஆமாக்கா, நல்லாத்தான் பொங்குச்சு. அப்ப ஒனக்கு அங்க பிடிச்சிட்டு, இல்ல? கொரலே தெளிஞ்சிட்டு. அன்னைக்கு மாதிரி இல்ல. வண்டின்னே சொல்லிரட்டுமா?"

கட்டில் மெத்தென்று இருந்தது. எழுந்து எங்கேயும் போக வேண்டியதில்லை என்பது எவ்வளவு நிம்மதி. வண்டி என்று சொன்னேன்.

பிறகு, "சரிக்கா. எழுதிட்டாங்க. ஒனக்குச் சந்தோசம்னா எனக்கும் சந்தோசந்தான். புயலு முழுசா ஓயட்டும், பால்பொடி எடுத்துட்டு வாரேன். இன்னொரு தடவ காய்ச்சுவோம்."

முடிவு எடுத்தாயிற்று. இனி இதுதான் வீடு. முழுநேரமும் இங்கேதான்.

மூச்சு விட்டு விட்டு வருகிறது. அதனால் என்ன, வரட்டும். மானி நன்று என்கிறது.

அதோ, சுவரில் தட்டுகிறாள். மூன்று தட்டு. விடிந்துவிட்டது போல. பதிலுக்குத் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பதறிப்போவாள்.

கை தூக்க முடியவில்லை. கொஞ்சம் கழித்துத் தட்டுகி